மகாராஜாவின் புகழுக்கு எத்தனை மூட்டை?

முன்னொரு காலத்தில் தென்கொன்றை நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நினைத்தது அந்த நிமிஷமே நடந்தாக வேண்டும்.

அவருடைய பிறந்தநாளில் துலாபாரம் நடக்கும். ஒரு தட்டில் ராஜா உட்காருவார், மறு தட்டில் வெல்லம். அந்த வெல்லம் ஜனங்களுக்கு. இதில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. பட்டம் சூட்டிய அன்று போட்ட எடைதான் ராஜாவின் எடை, ஐந்து மணங்கு. பதினெட்டு வருஷம் நெய்ச்சோறு உள்ளே போன பிறகும் ஏட்டில் அதே ஐந்து மணங்கு. கூடிவிட்டது என்று சொல்ல யாருக்குத் தைரியம்? வெல்லத்துக்கு அடியில் கருங்கல்லை ஒளித்து வைத்துத் தட்டைச் சமன் செய்துவிடுவார்கள்.

அந்த வருஷம் ராஜாவுக்குப் புது ஆசை வந்தது. "தராசைப் பனைமர உயரத்துக்குத் தூக்குங்கள். கடைசி வரிசையில் நிற்பவனும் என்னைப் பார்க்க வேண்டும்!"

பண்டகசாலை அதிகாரி நாகபூஷணம் உடனே ஒரு வடத்தைக் கொண்டுவந்தார். மஞ்சள் பூசி, பட்டுச் சுற்றி, 'சோதித்தது' என்று முத்திரையும் குத்தியிருந்தார். முத்திரை குத்துகிறவர்களுக்குக் கை மட்டும் இருந்தால் போதும், கண் வேண்டியதில்லை. அன்றும் அப்படித்தான்.

கோபுரத்துக்குக் கல் ஏற்றும் பரமாண்டி பட்டுத்துணியை விலக்கினார். வடத்தின் புரியைப் பிரித்து உள்ளே பார்த்தார். நார் கறுத்துப் பொடியாக உதிர்ந்தது.

"இது ஆகாது மகாராஜா. உள்ளே மக்கிவிட்டது."

"ராஜமுத்திரை போட்ட வடத்தை மக்கியது என்கிறானே!" என்று குதித்தார் நாகபூஷணம். பரமாண்டியை அவருக்கு என்றைக்குமே ஆகாது. "கோபுரத்துக் காக்காய்க்கெல்லாம் சபையில் என்ன பேச்சு?"

"பேச்சு வேண்டாம் ஐயா. மணல் மூட்டையை வைத்து ஒரு சாண் உயரம் தூக்கிப் பார்ப்போம். தூக்கப்போகிற பாரத்தைவிடக் கால் பங்கு கூடவே வைக்க வேண்டும்."

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "சரி, சோதி. வடம் தாங்கிவிட்டால் இன்றைக்கே நீ நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்."

நாகபூஷணம் இளித்தார். "மூட்டைக்கு ஒரு மணங்கு. எத்தனை மூட்டை வைக்கலாம் பரமாண்டி? மகாராஜாவின் எடை எவ்வளவு? நீயே சொல்லு, கேட்போம்."

உண்மையைச் சொன்னால் ராஜநிந்தை. ஐந்து என்றால் இத்துப்போன வடம்கூடத் தாங்கிவிடும். பரமாண்டி ஊரைவிட்டுப் போவார், நாளைக்கு ராஜா பனை உயரத்திலிருந்து விழுவார்.

பரமாண்டி கும்பிட்டார். "ஏட்டில் உள்ளபடி ஐந்துதான். வடம் இரண்டு தட்டையும் சுமப்பதால் முதலில் பத்து மூட்டை. கூடுதல் கால் பங்கை அப்புறம் வைக்கலாம்."

தராசைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு எல்லோரையும் வெளியே நிறுத்தினார். பத்து மூட்டை ஏறியது. வடம் தாங்கியது.

"கிளம்பு, கிளம்பு!" என்றார் நாகபூஷணம்.

"ஒரு சந்தேகம் ஐயா. அது வெறும் உடம்பு எடை. மகாராஜா ஏறினால் அவர் புகழும் கூடவே ஏறுமே? அதற்கு எத்தனை மூட்டை? ஒன்றும் இல்லை என்றால் விட்டுவிடுகிறேன்."

ராஜா மெல்லத் திரும்பி நாகபூஷணத்தைப் பார்த்தார்.

"ஒன்றும் இல்லையா! யார் சொன்னது?" என்று பதறினார் அவர். "நாலு மூட்டை வை!"

தராசை இறக்கி, நாலு மூட்டை வைத்து, மறுபடி தூக்கினார்கள். வடம் முனகியது.

"மகாராஜாவின் வீரத்துக்கு, ஐயா? ஒரு மூட்டை போதுமா?"

"ஒன்றா? புகழுக்கு நாலு, வீரத்துக்கு ஒன்றா? அதற்கும் நாலு வை!"

பதினெட்டு மூட்டையோடு தராசு ஒரு சாண் எழுந்தது. படார்! வடம் இரண்டாக அறுந்து, தட்டுகள் தரையில் மோதி, சபை முழுக்க மணல் பறந்தது.

"கொடைத்தன்மை இன்னும் ஏறவே இல்லையே ஐயா" என்றார் பரமாண்டி.

ராஜா தன் வயிற்றைப் பார்த்தார், அறுந்த வடத்தைப் பார்த்தார். "பரமாண்டி, பயப்படாமல் சொல்லு. புகழோடு சேர்த்து நான் எவ்வளவு இருப்பேன்?"

"பல்லக்குத் தூக்குகிறவர்களைக் கேட்டேன் மகாராஜா. பத்து மணங்கு என்றார்கள். இரண்டு தட்டுக்கும் இருபது."

"பதினெட்டுக்கே அறுந்ததா!" ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டில் பத்து என்று எழுதுங்கள். இனி இந்த நாட்டில் பரமாண்டி பார்க்காமல் எந்தப் பாரமும் எழும்பக் கூடாது. நாகபூஷணம், நீர் முத்திரை குத்தியது போதும். சோதனை மூட்டைக்கு மணல் அள்ளும்."

மறுநாள் புது வடம் இருபத்தைந்து மூட்டையைத் தாங்கிய பிறகு ராஜா பனை உயரத்துக்கு ஏறினார். ஊரே ஆர்ப்பரித்தது. போன மரியாதையை மீட்க நினைத்த நாகபூஷணம், கும்பிட்டபடி தட்டுக்கு நேர் கீழே ஓடினார்.

"ஓய்! மேலே பாரம் தொங்கும்போது கீழே நிற்காதீர்!" என்று கத்தினார் பரமாண்டி.

மேலேயிருந்து ராஜாவின் குரல் வந்தது. "யாரைப் பாரம் என்கிறாய்?"

"தங்களைத்தான் மகாராஜா. எந்தப் பாரம் விழுந்தாலும் வேறு வாங்கிக்கொள்ளலாம். இது ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தட்டு இப்படியும் அப்படியும் ஊசலாடியது.

"சிரிக்காதீர்கள் மகாராஜா!" என்று அலறினார் பரமாண்டி. "சிரிப்புக்கு நான் மூட்டை வைக்கவில்லை!"