இடது பக்கத்து மூன்று வாஷர்

உக்கடத்தில் பழைய கார்களைச் சரிபண்ணும் பட்டறை ஒன்று. அதில் ஒரு குரு, ஒரு சிஷ்யர். குருவுக்கு வயது முப்பத்தாறு. சிஷ்யருக்கு ஐம்பத்து நாலு. மாற்றிச் சொல்லவில்லை, அப்படித்தான்.

குருவின் பெயர் ஹபீபா. அந்தத் தெருவே அவளை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடும். அப்பளமாக நொறுங்கி வருகிற கதவை அவள் தட்டி எடுத்தால், எந்தப் பக்கம் இடித்தோம் என்று இடித்தவனுக்கே மறந்துபோகும். அப்படி ஒரு கை!

சிஷ்யர் சென்னியப்பன். முப்பது வருஷம் நூல் மில்லில் ஃபிட்டர். மில்லை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க உடம்பு கேட்கவில்லை. எட்டு மாசத்துக்கு முன்னால் இங்கே வந்து, கார் வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லி நின்றார். ஆனால் தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவளை மாஸ்டர் என்று கூப்பிட அவருக்கு நாக்கு புரளவில்லை. ‘அம்மிணி’ என்பார். அவளும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை மேஜிக் தனுஷ்கோடி வந்தார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வித்தை காட்டுகிறவர். ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் கறுப்புக் கார் வைத்திருந்தார். புறாக்கூண்டு, பெட்டி, ஜிகினாத் துணி எல்லாம் அதன் டிக்கியில்தான் போகும். அன்றைக்கு அவருடைய இடது கையில் இரண்டு விரலுக்கு மாவுக்கட்டு.

“டிக்கி மூடி தானா விழுந்திருச்சுங்க. கர்ச்சீப்பை மறைய வைக்கிற விரலு. விரலே மறைஞ்சிருக்கும்!”

“மூடி நிக்கவே மாட்டேங்குதுங்களா?” என்றாள் ஹபீபா.

“நிக்கும். எப்ப விழும்னு தெரியாது. ஞாயித்துக்கிழமை பொள்ளாச்சியில ஷோ. அடுத்த கையும் போச்சுன்னா என் பொழப்பே முடிஞ்சுதுங்க. அந்தப் பழைய கீலைக் கடாசிட்டு நல்லதா ஒண்ணு போட்டுக் குடுங்க.”

ஹபீபா சென்னியப்பனைப் பார்த்தாள். “இது உங்க வேலைங்ணா. முழுசா நீங்களே பண்ணுங்க.”

எட்டு மாசமாகத் துரு சுரண்டியவருக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதே ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

அந்த மூடியைத் தாங்குவது இரண்டு கீல்கள். கீலுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பிரிங். கழற்றிப் பார்த்தால், கீல்களைக் கோக்கும் பின் தேய்ந்து, அது நுழைகிற ஓட்டையெல்லாம் முட்டை வடிவம் ஆகியிருந்தது. ஸ்பிரிங் இரண்டும் சோர்ந்துபோயிருந்தன. அது பரவாயில்லை. வலது கீலுக்கு அடியில் ஒரு வாஷர், இடது கீலுக்கு அடியில் மூன்று வாஷர். அதைப் பார்த்ததும் சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. மில்லில் இப்படிச் செய்தவனை அவர் சும்மா விட்டதே இல்லை.

“எவனோ சோம்பேறி. கைக்கு அகப்பட்டதைச் சொருகி வெச்சிருக்கான்,” என்றார்.

மூன்றையும் கழிவு டிரம்மில் எறிந்தார். ஹபீபா அப்போது வேறொரு காருக்கு அடியில் படுத்திருந்தாள்.

மூன்று நாள் பாடுபட்டார். நல்ல இரும்பில் புதுக் கீல் அடித்தார். புது பின், புது ஸ்பிரிங். இரண்டு கீலையும் அருகருகே வைத்து அளந்தார். ஒரு நூல் பிசகு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரே ஒரு வாஷர் கொடுத்து, போல்ட்டை ஃபுல் டைட் வைத்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அவருக்கே ஆசையாக இருந்தது.

மூடியை இறக்கினார். வலது மூலை விரல் கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. இடது ஓரம் பெயிண்டை உரசியது.

மறுபடி அளந்தார். கீலில் ஒரு தப்பும் இல்லை. மூடியை மேலே தூக்கி நிறுத்திவிட்டு, மரஸ்கேலை டிக்கி விளிம்பில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். தெருவில் ஒரு சிமெண்ட் லாரி போனது. பட்டறை லேசாக அதிர்ந்தது.

தடால்!

மரஸ்கேல் இரண்டு துண்டு. சனிக்கிழமை வண்டியை எடுக்க வரும்போது தனுஷ்கோடி கையை வைக்கப்போகிற இடம் அது.

ஹபீபா வந்து பார்த்தாள்.

“அம்மிணி, கீல்ல ஒரு தப்பும் இல்லை. நீங்களே அளந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணு. வண்டிதான் கோணல். மூடி முறுக்கிக்கிட்டு ஒத்தைப் பக்கமாத் தொங்குது.”

“அப்படிங்களா? அப்ப வண்டியை எடைக்குப் போட்டுட்டு, கீலை மட்டும் குடுத்து அனுப்பிடலாமுங்ணா?”

அவருக்கு முகம் சிவந்தது. “கிண்டல் பண்ணாதீங்க. எனக்குப் புரியாமத்தான் கேக்கறேன். அளவு சரியா இருந்தும் வேலை எப்படித் தப்பாகும்?”

ஹபீபா திரும்பி நடந்தாள். சென்னியப்பன் வேலை பார்க்கும் மேசைக்குப் போனாள். குனிந்து, மேசையின் பின்னங்கால் ஒன்றுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த அட்டை ஒன்றை உருவினாள். மேசையில் கையை ஊன்றினாள். மேசை டக்கென்று சாய்ந்தது. அதன்மேல் இருந்த நட்டு ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

“எட்டு மாசம் முன்னால இதை இங்க சொருகி வெச்சது எந்தச் சோம்பேறிங்ணா?”

சென்னியப்பன் அட்டையைப் பார்த்தார். வேலைக்கு வந்த முதல் நாள், தரை பள்ளமாக இருக்கிறதென்று அதை வைத்தவர் அவரேதான்.

“தப்புப் பண்ணிட்டனுங்க, மாஸ்டர்,” என்றார். எட்டு மாசத்தில் அந்தச் சொல் அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. வந்ததை அவரே கவனிக்கவில்லை.

கழிவு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை அதே வேலை. இரண்டு வாஷர் கிடைத்தது, மூன்றாவது கிடைக்கவே இல்லை. கிடைத்ததைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெல்லிசு. அரத்தால் ராவின கோடு இன்னும் இருந்தது.

“மாஸ்டர், இங்க வாங்க! இதைப் பாருங்க! கைக்கு அகப்பட்டதைச் சொருகலீங்க. வண்டி எங்க இறங்கியிருக்குன்னு பாத்துப் பாத்து ராவியிருக்கான். அடேங்கப்பா, என்ன கைங்க இது! இவனைப் போயி நான் சோம்பேறின்னேனே.”

“மூணாவது?”

“நான்தான் ராவணும்.”

சொல்லிவிட்டாரே தவிர, கை வரவில்லை. முப்பது வருஷம் சமமாகவே ராவிய கை. அரத்தை எடுத்தால் தானாகச் சமமாகப் போனது. இரண்டு வாஷர் வீணானது.

“கோணலா ராவ கை கூசுதாக்கும்?” என்று சிரித்தாள் ஹபீபா.

“கூசுதுங்க,” என்று ஒத்துக்கொண்டார். ஏழாவது வாஷரில்தான் கை இணங்கியது.

சனிக்கிழமை காலையில் டிக்கியைச் சுற்றியிருந்த ரப்பரைக் கழற்றிவிட்டு, வாஷர்களைக் கொடுத்து, போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, ஸ்பேனரோடு டிக்கிக்குள்ளே போய்ச் சுருண்டு படுத்தார். ஹபீபா வெளியிலிருந்து மூடியை இறக்கினாள். உள்ளே கும்மிருட்டு. சுற்றிலும் ஓரத்தில் மட்டும் வெளிச்சக் கோடு. வலது பக்கம் தடித்து, இடது பக்கம் மெலிந்து.

“வலது பக்கம் அமுக்குங்க, மாஸ்டர். இன்னும். போதும், போதும்!”

கோடு நாலு பக்கமும் ஒரே மாதிரி ஆனது. அதையே பார்த்துக்கொண்டு போல்ட்டுகளை முடுக்கினார். அந்த இருட்டில் அளக்க அவரிடம் ஒன்றும் இல்லை. மனசு என்னவோ நிறைந்துபோயிருந்தது.

மூடி திறந்தபோது எதிரே தனுஷ்கோடி நின்றிருந்தார். “என்னங்க இது? என் டிக்கியில எனக்கே தெரியாத வித்தையா இருக்குது!”

ரப்பரை மாட்டி, மூடியைத் தூக்கி நிறுத்தினார்கள். தனுஷ்கோடி தன் நல்ல கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பக்கத்தில் வரவில்லை. வர எப்படி மனசு வரும்?

ஹபீபா தன் வலது கையை எடுத்து, மரஸ்கேல் முறிந்த அதே இடத்தில் விரித்து வைத்தாள்.

“வண்டியை ஆட்டுங்ணா.”

சென்னியப்பன் பக்கத்தில் ஓடி வந்தார். “மாஸ்டர், கையை எடுங்க. ஒரே ஒரு தடவை அளந்து பாத்துக்கறேன்.”

“ஆட்டுங்ணா.”

பம்பரைப் பிடித்து ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினார். கார் தொட்டிலாக ஆடியது. கண்ணைத் திறந்தபோது மூடி மேலே நின்றிருந்தது. கை அங்கேயே இருந்தது.

தனுஷ்கோடி மெல்ல வந்து, மூடியை ஒரு விரலால் இறக்கினார். ‘க்ளிக்’ என்று பதிந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி இறக்கினார். குழந்தை மாதிரி ஏழெட்டுத் தடவை செய்தார்.

“பிரமாதமுங்க! யாரு வேலைங்க இது?”

“ரெண்டு வாஷர் வேற ஒரு மாஸ்டர் வெச்சதுங்க,” என்றார் சென்னியப்பன். “பேரு தெரியாது. மூணாவது மட்டும் நானு.”

கார் போனது. சென்னியப்பன் தன் மேசைக்குத் திரும்பி, ஸ்பேனரை வைத்தார். மேசை டக்கென்று சாய்ந்தது.

ஹபீபா சட்டைப்பையிலிருந்து மடித்த அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“மேசை ஆடுதுங்க, மாஸ்டர்,” என்றாள்.