மூடி படியாத பெட்டி

"ஒரு நகக்கண் அளவுக்காக ஒரு மனுஷனைத் தூக்கி எறியலாமா, மாஸ்டர்?"

கேட்டவர் டாக்டர் திருமேனி. பல் மருத்துவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு கைத்துப்பாக்கிப் போட்டிக்கு வந்தவர்.

மாஸ்டர் என்று அவர் அழைத்தது மெர்சியை. அவரைவிட இருபது வயது இளையவர். கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள ஒரு மைதானத்தில் சுடக் கற்றுக்கொடுப்பவர்.

அங்கே நின்ற இடத்தில் நின்று சுடும் போட்டி கிடையாது. ஓட வேண்டும். குனிய வேண்டும். தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அட்டை இலக்குகளைச் சுட வேண்டும். குறியும் கணக்கு, நேரமும் கணக்கு.

துப்பாக்கியை எவ்வளவு மாற்றலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு.

ஸ்டாண்டர்டு பிரிவில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்துகொள்ளலாம். ஆனால் தோட்டா அடைக்கும் மேகசினோடு சேர்த்துத் துப்பாக்கி ஒரு மரப்பெட்டிக்குள் அடங்க வேண்டும். மூடி தானாகப் படிய வேண்டும்.

படியாவிட்டால் ஓப்பன் பிரிவு. அங்கே எதை மாற்றினாலும் செல்லும். குறி பார்க்கச் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி வைத்தவர்களும், உதறலைக் குறைக்கும் குழல்முனை பூட்டியவர்களும் அங்கேதான் இருப்பார்கள். சாதாரணத் துப்பாக்கியோடு அவர்கள் நடுவே போவது, பைக் பந்தயத்துக்குச் சைக்கிளில் போவது மாதிரி.

போன மாதம் டாக்டர் அப்படித்தான் போனார். கைப்பிடியில் புதிதாகப் பொருத்திய தகடு பெட்டியில் இடித்துவிட்டது.

"அந்தத் தகட்டால எனக்கு ஒரு புள்ளிகூடக் கூடல. அந்த மேஜையில இருந்த ஆளுக்கு மனசாட்சியே இல்ல. என் முகத்தைக்கூடப் பார்க்கல."

மெர்சி தரையில் கிடந்த காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்த போட்டிக்குப் பெட்டி மேஜைக்கு ஆள் கேட்டாங்க," என்றார். "உங்க பேரைச் சொல்லியிருக்கேன்."

"அப்ப நான் சுட வேண்டாமா?"

"உட்காருங்க, டாக்டர்."

அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டருக்குக் கோபம். ஆனாலும் போட்டியன்று முதல் ஆளாக வந்து, மேஜையைத் துடைத்து, பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அது சாதாரணப் போட்டி இல்லை. ஸ்டாண்டர்டு பிரிவில் முதலாவதாக வருபவருக்கு மாநில அணியில் இடம். மெர்சி அந்த இடத்துக்காகப் பல வருஷமாகச் சுடுகிறார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றில் தவறிப்போகும்.

அன்று தவறவில்லை. மதியத்துக்குள் எல்லோரையும் தாண்டிவிட்டார். பொள்ளாச்சி டயர் கடைக்காரர் லத்தீப் மட்டும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தார்.

எல்லோருடையதையும் முன்கூட்டியே அளப்பதில்லை; போட்டியின் நடுவில் யாரை வேண்டுமானாலும் மேஜைக்குக் கூப்பிடலாம் என்பது விதி. தலைமை நடுவர் முன்னணியில் இருந்தவர்களைக் கூப்பிட்டார்.

முதலில் மெர்சி.

துப்பாக்கி காலி என்று காட்டினார். காலி மேகசினைச் செருகினார். பெட்டிக்குள் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நின்றார்.

டாக்டர் மூடியைச் சாத்தினார்.

ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

எடுத்துப் பார்த்தார். மேகசினின் அடியில் மெல்லிய ரப்பர் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் மூடி படியவில்லை.

கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். படிந்தது.

"அடங்கிடுச்சு," என்றார். குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"விரலை எடுங்க, டாக்டர்," என்றார் மெர்சி.

எடுத்தார். மூடி எழும்பியது.

பின்னால் நின்ற லத்தீப் எட்டிப் பார்த்தார். "அட, வெறும் ரப்பருங்க! பிச்சுப் போட்டுட்டு வைக்கட்டும். எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லைங்க."

"காலையிலேருந்து இதோடதான் சுட்டேன்," என்றார் மெர்சி. "நீங்க வரிசையில நில்லுங்க, லத்தீப்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மெர்சியின் முகத்தில் கெஞ்சல் இல்லை. கண் ஜாடையும் இல்லை. பல் பிடுங்க வந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டவர்கள் அவரைப் பார்ப்பார்களே, சீக்கிரம் முடியுங்கள் என்று, அந்தப் பார்வை.

அதற்கு மேல் அந்த முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓப்பன்," என்றார்.

தலைமை நடுவர் அதை ஒலிபெருக்கியில் சொன்னார்.

"தேங்க்ஸ், டாக்டர்." மெர்சி துப்பாக்கியை எடுத்து உறையில் செருகிக்கொண்டு போனார்.

மத்தியானம் முழுக்க டாக்டர் மேஜையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளிக் கண்ணாடிக்காரர்கள் நடுவே மெர்சி வெறுங்கண்ணால் குறி பார்த்து ஓடினார். ஓரிடத்தில் ஓட்டம் முந்திக்கொண்டு இரும்புத் தட்டு ஒன்று விழாமல் நின்றது. தலையில் அடித்துக்கொண்டு, திரும்பி வந்து அதைச் சுட்டு வீழ்த்திவிட்டு ஓடினார்.

கடைசியில் பட்டியலின் நடுவில் எங்கேயோ வந்தார்.

மாநில அணியின் இடம் லத்தீபுக்கு. அவர் மெர்சியிடம் வந்து நின்றார்.

"அங்கே போய் அவசரப்படாதீங்க," என்று மெர்சி அவர் தோளில் தட்டினார். "இடது பக்கம் திரும்பும்போது உங்க கால் பின்னுது. அதை மட்டும் பார்த்துக்கோங்க."

சாயங்காலம் டீ வந்தது. தேங்காய் பன்னும் வந்தது. வெயில் இறங்கி, மலையிலிருந்து காற்று வரத் தொடங்கியிருந்தது. மெர்சி ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

டாக்டர் டீயைத் தொடவில்லை.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கறேன். எனக்குப் பாடம் சொல்லத்தானே அந்த ரப்பரை ஒட்டிக்கிட்டு வந்தீங்க?"

மெர்சிக்குச் சிரிப்பில் டீ புரையேறியது.

"மாநில அணியைத் தூக்கிக் குடுத்துட்டா? நல்லா இருக்கே! மாத்தும்போது கல்லுல விழுந்து மேகசின் நசுங்குதேன்னு முந்தாநேத்து ஒட்டினேன். வச்சுப் பார்க்கணும்னு தோணவே இல்ல."

"எத்தனை பேருக்கு இந்தப் பெட்டி அளவைச் சொல்லிக் குடுத்திருக்கீங்க! உங்களுக்கே தெரியலையா?"

மெர்சி பன்னைப் பிய்த்து, பெரிய பாதியை அவரிடம் நீட்டினார்.

"எனக்கே தெரிஞ்சிருந்தா, நீங்க எதுக்கு டாக்டர் அங்கே உட்காரணும்?"