தங்கச் சொம்பில் ஒரு வாய் மோர்

செம்பைத் தங்கமாக்கும் மகான் ஒருவர் ஆலங்கோட்டை ஜமீனுக்கு எழுந்தருளினார். மலையையே பொன்னாக்கக்கூடியவருக்கு, பாவம், ஜமீன்தாரின் பாதி நிலம் தேவைப்பட்டது. அவர் ஆக்கிக் கொடுத்த தங்கச் சொம்பைத் துலக்கிய வேலைக்காரி செவந்தாயி, "இது பித்தளைங்க எசமான்," என்று சொல்லிவிட்டாள்.

"மகான் கொடுத்ததை உரசக் கூடாது, உருக்கக் கூடாது. அப்படியே நிரூபி. இல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை!" என்று ஜமீன்தார் உறுமினார்.

செவந்தாயி அதில் புளித்த மோரை ஊற்றி மூடிவைத்தாள். மறுநாள் காலையில் மகானிடம் நீட்டினாள்.

"குடிங்க சாமி. ஈயம் பூசாத பித்தளையிலதான் மோர் களிம்பேறி விஷமாகும். தங்கத்துல ஒண்ணும் ஆகாது."

மகான் எட்டிப் பார்த்தார். மோர் பச்சை பூத்திருந்தது.

"இன்று எனக்கு உபவாசம்."

"அதுக்கென்னங்க சாமி, நாளைக்குக் குடிங்க. இன்னும் நல்லா ஊறட்டும்."

பொழுது சாய்வதற்குள் மகான் மாயமாய் மறைந்துவிட்டார். அவர் செய்துகாட்டிய உண்மையான சித்து அது ஒன்றுதான்.