காட்டு மாவின் கொட்டைகள்

மலைகள் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிய காலம் அது. அந்தக் காலத்திலே, ஒரு மலைச்சரிவிலே, ஒரு காட்டு மாமரம் இருந்ததாம்.

அதன் பிஞ்சை மலைச்சனங்கள் உப்பில் போட்டார்கள். காயைக் கீறி வற்றலாக உலர்த்தினார்கள். புளித்த பழத்தைச் சப்பித் தின்றுவிட்டு, கொட்டையை மரத்தடியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கொட்டைகள் சருகுக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு, "அம்மா, மழை எப்போ?" என்று கேட்கும்.

"இதோ வந்திரும். தூங்குங்க," என்று மரம் சொல்லும்.

அந்த வருடம் மழை வரவில்லை. கிழங்கு தோண்டப் போனால் கடப்பாரைதான் வளைந்தது.

ஒரு காலையில் மாசனும் அவன் பெண்சாதி மருதியும் மரத்தடிக்கு வந்தார்கள். மருதி இடுப்பில் வெறுங்கூடை. மாசன் தோளில் கோடாரி. உச்சிக்கிளையில் கொஞ்சம் காய் தொங்கியது. பிடித்து ஏறுவதற்கு இருந்த கொடியோ வறட்சியில் பட்டு இற்றுப் போயிருந்தது.

"வெட்டிச் சாய்ச்சிரலாம்," என்றான் மாசன்.

"அடுத்த வருசம் எதைத் திம்பே?"

"அடுத்த வருசம் நாம இருந்தா பார்த்துக்கலாம். பிள்ளைங்க நேத்து அழுதுச்சுங்க. இன்னைக்கு அழக்கூடத் தெம்பில்ல. கவனிச்சியா நீ?"

மருதி இடுப்புக் கூடையைக் கீழே இறக்கினாள்.

மரத்துக்கு வேர்வரை நடுக்கம் இறங்கியது. "கோடாரியண்ணே, கொஞ்சம் பொறு," என்று கெஞ்சியது.

"என்னைக் கெஞ்சி என்ன பிரயோசனம்?" என்றது கோடாரி. "எனக்கு உன்மேல பகையில்ல. என்னைப் பிடிச்சிருக்கிறது மாசன் கை. அவனைப் பிடிச்சிருக்கிறது பசி. முடிஞ்சா அதுகிட்டப் பேசிப் பாரு."

முதல் வெட்டு விழுந்தது. பட்டை பிளந்து பால் வடிந்தது. மரம் பதறிப்போய்க் காற்றைக் கூப்பிட்டது.

"காத்தே, என் காலடிச் சருகைக் கொஞ்சம் விலக்கிவிடு."

காற்று தயங்கியது. "அது உன் பிள்ளைகளுக்கு நீ போர்த்தின போர்வையாச்சே. அந்தப் பக்கம் போனாலே என்கிட்டச் சண்டைக்கு வருவியே."

கோடாரி மறுபடி ஓங்கி நின்றது.

"விலக்குன்னா விலக்கு," என்றது மரம்.

சருகு பறந்தது. கொட்டைகள் வெயிலில் கண் கூசிக் கிடந்தன.

"நிறுத்துய்யா," என்றாள் மருதி. "கொட்டை கிடக்கு பாரு. பருப்பை இடிச்சு, ஊத்துத் தண்ணியில ஊறப்போட்டுத் துவர்ப்பை எடுத்தா கூழ் காய்ச்சலாம்."

"மாங்கொட்டையில கூழா? உங்க அப்பன் வீட்டு விருந்துல்ல அது?"

"அந்த விருந்தைத் தின்னுதான் நீ தொப்பை வளர்த்தே. குனிஞ்சு பொறுக்கு."

மாசன் கோடாரியைக் கீழே வைத்தான். கொட்டைகள் கூடைக்குள் விழத் தொடங்கின.

"அம்மா, எங்கே போறோம்?" என்றது ஒன்று.

"மழை வந்திருச்சாம்மா?" என்றது இன்னொன்று.

மரம் ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. அசைந்தால் கோடாரிக்குத் தன் ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம்.

கூடை நிறைந்தது. மாசன் அதைத் தலையில் ஏற்றி, கோடாரியையும் எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினான். மருதி மட்டும் பின்தங்கினாள். எவ்வளவு பசியில் பொறுக்கினாலும் ஒரு கொட்டையை மண்ணுக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது அந்த மலையின் வழக்கம். மடியிலிருந்து ஒன்றை எடுத்து வேரோரம் வைத்து, குதிகாலால் அழுத்தி, மண்ணைத் தள்ளி மூடினாள்.

"பொழைச்சுக்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மரம் மெதுவாக மூச்சு விட்டது. "பயப்படாதே கண்ணு. கோடாரி போயிருச்சு."

"கோடாரிக்கு நான் பயப்படலைம்மா," என்றது மண்ணுக்குள்ளிருந்து கொட்டை. "சருகை விலக்கச் சொல்லி ஒரு குரல் கேட்டுச்சே, அது இன்னும் இங்கேதான் இருக்கா?"

கீழே, பாதை திரும்பும் இடத்தில், மருதியின் தலை மறைந்தது.