வேலி தாண்டிய பன்றி

பண்ணையார் சிங்கராயர் தம் சீமைப் பன்றிகளின் பெருமை பேசாத நாளில்லை. ஒருநாள், பன்றி வளர்க்கும் மாடத்தியின் கலப்புக் குட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"தைக்குள் இது என் குட்டியை மிஞ்சாவிட்டால் ஊரைவிட்டுப் போய்விடு. எல்லாம் ரத்தம்தான்."

"ரத்தம்தான் எல்லாமென்றால், என் குட்டி உங்கள் கொட்டிலில் வளரட்டும் அய்யா. உங்கள் குட்டி என்னிடம் வளரட்டும்."

ஊரார் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை.

தை பிறந்தது. மாடத்தியிடம் வளர்ந்த சீமைக்குட்டி மெலிந்து கிடந்தது. பண்ணைக் கொட்டிலைத் திறந்தார்கள். எந்தச் சீமைப் பன்றியும் எட்டாத உயரத்தில், கரும்பாறை போல நின்றது கலப்புக் குட்டி.

"எப்படி?" என்றார் பண்ணையார் மெல்ல.

"வேலி தாண்டி வந்த உங்கள் பன்றிதான் இதன் அப்பன், அய்யா. தீனியும் உங்களுடையது. தாய் மட்டும்தான் என்னுடையவள்."

பண்ணையார் தம் ஆட்களிடம் திரும்பினார்.

"அந்த வேலியைப் பிரித்துவிடுங்கள்."