கரிச்சான் சொன்ன ஆண்டவர்

மேற்கு மலைச் சரிவில், வெயில் ஏறிய பிறகும் மூடுபனி கலையாத ஒரு காட்டில், பெண்மான் ஒன்று வாழ்ந்தது. அதற்குத் துள்ளி என்று ஒரு குட்டி இருந்தது. சென்ற மழைக்காலத்தில் காட்டாறு அந்தக் குட்டியை அடித்துக்கொண்டு போய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து மான் தினமும் காலையில் மேட்டின் விளிம்பில் போய் நிற்கும். கீழே ஒரு பெரிய பள்ளம். அதன் அடி யார் கண்ணுக்கும் தெரியாதபடி பனி நிரம்பிக் கிடக்கும். "துள்ளி! துள்ளி!" என்று மான் கூப்பிடும். பள்ளம் பதில் சொல்லாது. மான் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு மேயப் போய்விடும்.

பிள்ளைகளே, அந்தக் காட்டின் நடுவில் ஒரு பாறை இருந்தது. காட்டைப் படைத்த ஆண்டவர் அதில் தம்முடைய வார்த்தைகளைப் பொறித்து வைத்திருந்தார். எந்த வழியில் போகலாம், யாருடைய குரலை நம்பலாம், செத்துப்போனவர்களுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருந்தது. சில வரிகள் இனிக்கும். சில வரிகள் கசக்கும். ஒரு காலத்தில் விலங்குகள் அங்கே கூடி அவற்றை உரக்க வாசிப்பது வழக்கம். பிறகு, "எல்லாம் தெரிந்ததுதானே" என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பாறையில் பாசி ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் கரிச்சான் குருவி கதை சொல்லத் தொடங்கியது. நீண்ட வால் கொண்ட அந்தக் கறுப்புப் பறவைக்கு எல்லாக் குரலும் வரும். குயிலாகக் கூவும், மந்தியாக இருமும். அதற்கு வேண்டியதெல்லாம் புகழ்ச்சிதான்.

மேட்டு விளிம்பில் இருந்த நாவல் மரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்ததும் அது ஆரம்பிக்கும்.

"இந்தப் பள்ளத்துக்குள், பனிக்கு அடியில், வெதுவெதுப்பான ஒரு குகை இருக்கிறது. அங்கே ஆண்டவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். நாம் வருவோமா என்று காத்திருந்து காத்திருந்து அவருக்கே கண் கலங்குகிறது. தொலைந்துபோனவர்கள் எல்லாரும் அவர் மடியில் விளையாடுகிறார்கள். ஒரு நாள் அவர் நம்மையும் கூப்பிடுவார். 'வா கண்ணே, வா. இங்கே உன்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்' என்பார்."

அந்தக் கடைசி வரியை, ஆண்டவருக்கென்று தானே உண்டாக்கிய ஒரு குரலில் அது சொல்லும். மெல்ல, தேன் ஒழுகுவதுபோல, கொஞ்சம் தழுதழுத்து.

இளகிய மனம் கொண்ட கரடி விக்கி விக்கி அழும். "பாறை ஒரு நாளும் என்னிடம் இப்படிப் பேசினதில்லை" என்று மூக்கைத் துடைத்துக்கொள்ளும்.

"பாறை மூளைக்கு. இது நெஞ்சுக்கு" என்று காட்டுப்பன்றி சொல்லும். எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பது அதன் குணம்.

ஒரு நாள் கதை முடிந்ததும் மான் மெதுவாகக் கேட்டது. "கரிச்சான் தம்பி, அங்கே துள்ளியும் இருக்கிறானா?"

"இது கதை, அக்கா. கதையில் இருக்கிறான்."

"கதையில் மட்டுமா?"

கரிச்சான் சுற்றிலும் பார்த்தது. நனைந்த கண்கள் எல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தன. 'ஆமாம், கதையில் மட்டும்தான்' என்று சொல்ல அதற்கு மனம் வரவில்லை. வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டது.

நாட்கள் போகப் போக, காட்டில் ஒருவரை ஒருவர் பார்த்தால், "வா கண்ணே, வா" என்றுதான் வணக்கம் சொன்னார்கள். 'ஆண்டவர் எப்படிப்பட்டவர்?' என்று குட்டிகள் கேட்டால் குகையைப் பற்றிச் சொன்னார்கள். பாறைக்குப் போகும் வழியில் முள் மண்டியது.

பிறகு ஒரு நாள் காலை, பனி கனத்துக் கிடந்தபோது, பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"வா கண்ணே, வா. இங்கே உன்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்."

அதே தேன். அதே தழுதழுப்பு. ஆனால் கரிச்சான் எல்லாருக்கும் எதிரே, கிளையில் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. அதன் அலகு மூடியிருந்தது.

"கூப்பிட்டுவிட்டார்! என்னைத்தான்!" என்று அவசரக்கார முயல் குதித்து எழுந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசுவதற்குள் சரிவில் இறங்கி ஓடியது. அதன் வெள்ளை வால் பனிக்குள் ஒரு தடவை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள். அலறல் இல்லை. காலடிச் சத்தமும் இல்லை. பனி மட்டும் குளத்துத் தண்ணீர்போல மூடிக்கொண்டது.

"கொடுத்துவைத்தவன்" என்றது கரடி.

அதற்குப் பிறகு பனி கனத்த காலைகளில் எல்லாம் குரல் வந்தது. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் போனார்கள். போனவர் திரும்பவில்லை. "அவ்வளவு சந்தோஷத்தை விட்டு யார் திரும்புவார்?" என்று காட்டுப்பன்றி விளக்கியது. ஒருவரும் அழவில்லை. காலியான வளைகளையும் பொந்துகளையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள். காட்டில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

கரிச்சான் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு காலை அது கிளையிலிருந்து கீழே இறங்கி வந்து கத்தியது.

"கேளுங்கள்! அந்தக் குகையை நான்தான் கட்டினேன். அந்தக் குரலை நான்தான் உண்டாக்கினேன். அந்த வார்த்தை ஒவ்வொன்றும் என்னுடையது. அங்கே இருந்து அதைப் பேசுவது யார் என்று எனக்குத் தெரியாது!"

காட்டுப்பன்றி கனிவாகத் தலையை ஆட்டியது. "உன்னுடையது என்று நீ நினைக்கிறாய், தம்பி. அவர் உன் வாய் வழியாகப் பேசியிருக்கிறார். அடக்கம் நல்லதுதான். அளவோடு இருக்கட்டும்."

"ஐயோ, நான் இட்டுக்கட்டியது அண்ணா!"

"இட்டுக்கட்டியதா இத்தனை பேரை அழ வைக்கும்?" என்றது காட்டுப்பன்றி. பள்ளத்திலிருந்து குரல் மறுபடியும் வந்தது. காட்டுப்பன்றி தலையை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் திரும்பிப் பாராமல், பனிக்குள் நடந்து போனது.

அடுத்த காலை மான் வழக்கம்போல விளிம்பில் நின்றது. வழக்கம்போலக் கூப்பிட்டது. "துள்ளி! துள்ளி!"

"அம்மா."

மானின் இரண்டு காதுகளும் விறைத்து நின்றன.

"அம்மா, நான் இங்கேதான் இருக்கிறேன். வா அம்மா."

துள்ளியின் குரல்தான். பசித்தால் கடைசி எழுத்தை இழுப்பானே, அதே இழுப்பு. மான் ஒன்றும் யோசிக்கவில்லை. சரிவில் இறங்கியது. பனி முழங்கால் வரை வந்தது, பிறகு நெஞ்சு வரை.

"சீக்கிரம் அம்மா. யாரையும் கேட்காதே. எதையும் பார்க்காதே. வா."

மான் நின்றது.

துள்ளி எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற குட்டி. இலை ஏன் பச்சை, ஆறு ஏன் ஓடுகிறது என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பான். அவனா யாரையும் கேட்காதே என்கிறான்? எதற்காகக் கேட்கக் கூடாது? எதைப் பார்க்கக் கூடாது? செத்துப்போனவர்களைப் பற்றிப் பாறையில் ஏதோ ஒரு வரி உண்டு என்று மானுக்கு நினைவு வந்தது. என்ன வரி என்று நினைவு வரவில்லை.

"கொஞ்சம் பொறு கண்ணே. இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு மான் திரும்பியது.

"அம்மா, போகாதே! எனக்குக் குளிர்கிறது!"

அந்தக் குரலுக்கு முதுகைக் காட்டி நடக்கப் பட்ட கஷ்டத்தை மான் தன் வாழ்நாளில் வேறு எதற்கும் பட்டதில்லை. முள் கிழித்தது. பாறைக்கு வந்து குளம்பால் பாசியைச் சுரண்டியது. குளம்பு போதாமல் பல்லால் கடித்து இழுத்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

*போனவர்களை நான் என் நாளில் எழுப்புவேன். அதுவரை அவர்கள் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடுகிற குரல் அவர்களுடையது அல்ல.*

மான் அதை ஒரு முறை வாசித்தது. மறுபடியும் வாசித்தது. பிறகு பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதது. துள்ளி போன நாளில் வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. அழுகையின் நடுவில் முதல் வரி கண்ணில் பட்டது. எழுப்புவேன் என்று இருந்தது.

மான் விளிம்புக்குத் திரும்பி வந்தபோது கரடியும் இன்னும் சிலரும் அங்கே நின்றிருந்தார்கள். கரிச்சான் ஒரு புதரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

மான் பள்ளத்தைப் பார்த்துக் கேட்டது. "நீர் ஆண்டவரானால் ஒன்று சொல்லும். செத்துப்போன என் குட்டியைப் பற்றிப் பாறையில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்?"

பள்ளம் பேசவில்லை. உள்ளே எதுவோ யோசிப்பதுபோல் இருந்தது.

பிறகு தேன் குரல் வந்தது. "பாறை எதற்குக் கண்ணே? அது குளிர்ந்த கல். வா. இங்கே உன்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்."

"அதற்குத் தெரியாது" என்றது மான். மற்றவர்கள் பக்கம் திரும்பியது. "பாறையில் உள்ள வரியை இப்போதுதான் வாசித்துவிட்டு வருகிறேன்; போனவர்கள் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று இருக்கிறது. கரிச்சான் சொன்னதெல்லாம் அதற்கு மனப்பாடம். நான் தினமும் கூப்பிட்ட பெயரும் தெரியும். பாறையை நாம் உரக்க வாசித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. கேட்காததை அது எப்படிச் சொல்லும்?"

கரடியின் கண்களில் நீர் வழிந்தது. "எழுத்தை வாசித்தது நீ, தங்கச்சி. எனக்கு இந்தக் குரல்தான் தெரியும். இவ்வளவு அன்பாகக் கூப்பிடுகிறவர் பொய்யாக இருப்பாரா?"

"அண்ணா, போகாதீர்கள். அந்த வரியை நீங்களே வந்து பாருங்கள். பக்கத்தில்தான் இருக்கிறது."

"பார்த்தால் இது போய்விடும்" என்றது கரடி. அது கையை விரித்துக்கொண்டு, குழந்தை தாயிடம் போவதுபோலப் பனிக்குள் இறங்கியது.

கனத்த காலடிகள் கொஞ்ச நேரம் கேட்டன. சில கற்கள் உருண்டன. அப்புறம் கேட்கவில்லை.

அப்போது காற்று திரும்பியது. பல மாதங்களாக நகராத பனி, துணியை இழுத்ததுபோல ஒரு பக்கமாக விலகியது.

சரிவு பாதியிலேயே முடிந்திருந்தது. மான் முன்பு பனிக்குள் இறங்கி நின்ற இடத்துக்கு மிக அருகில், நேராகக் கீழே இறங்கும் ஒரு செங்குத்துப் பாறை. குகை எதுவும் இல்லை. அடியில் முயலின் ரோமமும், காட்டுப்பன்றியின் கோரைப் பல்லும், இன்னும் பலருடைய எலும்பும் கிடந்தன. அவற்றின் நடுவே கரடி அசையாமல் கிடந்தது. அதன் கை விரிந்தபடியே இருந்தது.

பக்கத்தில் ஒரு கிழட்டுச் சிறுத்தை படுத்திருந்தது. பின்னங்கால் நொண்டி, ஓடி வேட்டையாட அதனால் முடியாது. மேட்டில் சொன்ன கதைகளையும், அதற்கு முன்பு துள்ளி அங்கே மேய வந்து அம்மாவைக் கூப்பிட்ட குரலையும் அது கீழே படுத்துக்கொண்டு கேட்டு, அப்படியே பேசப் பழகியிருந்தது.

அது தலையைத் தூக்கி, மேலே நிற்பவர்களைப் பார்த்தது. தன்னைக் கண்டுகொண்டார்கள் என்று அதற்குத் தெரிந்தது. வெட்கப்படவில்லை. மானின் கண்ணையே பார்த்துக்கொண்டு, மஞ்சள் பல் தெரிய வாயைத் திறந்தது.

"அம்மா" என்றது, குட்டியின் குரலில்.

மான் திரும்பி நடந்தது. மற்றவர்கள் அதன் பின்னால் போனார்கள். அன்று முழுவதும் அவர்கள் பாசியைச் சுரண்டினார்கள். மான் வாசித்தது; அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். இனிக்கிற வரிகளையும் கசக்கிற வரிகளையும் விடாமல் வாசித்தார்கள்.

கரிச்சான் கதை சொல்வதை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு கதைக்கும் முன்னால், "இது நான் கட்டியது. பாறையோடு ஒத்துப் பாருங்கள்" என்று சொல்லும். ஒத்துப் போகாத கதையை அங்கேயே விட்டுவிடும். முன்போல யாரும் விக்கி அழுவதில்லை. கரிச்சானும் அதை எதிர்பார்ப்பதில்லை.

காற்று நின்றதும் பனி மறுபடியும் பள்ளத்தை மூடிக்கொண்டது. இன்றைக்கும் சில காலைகளில் அங்கிருந்து ஒரு குட்டி கூப்பிடுகிறது. மானின் காது அந்தப் பக்கம் திரும்பும். பெற்ற காது, திரும்பாமல் என்ன செய்யும்? கால்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நீதி: ஆண்டவரைப் பற்றிய ஒரு கதை நெஞ்சை எவ்வளவுதான் உருக்கினாலும், அவருடைய வேத வசனத்தோடு ஒத்துப் பார்க்காமல் அதை நம்பிப் போகாதே.