செருப்பும் புழுக்கையும்

"சொன்னாக் கேக்க மாட்டேங்காவ, தாயே. இவங்களை நான் எப்படிக் காப்பாத்த?" என்று சீடர் தாணு கேட்டார்.

தாணுவுக்குத் தலை முழுக்க நரை. குருவம்மா அவரைவிட இளையவர்.

உப்பளக் கரையில் அவர்களுடைய மடம். புயல் வந்தால் மடத்துக் கல்மண்டபம்தான் ஊருக்கு ஒதுங்க இடம். மண்டபத்து வாசலுக்குத் தாணு காவல்.

"யாரு கேக்கல?"

"உப்பளத்துல கூலிக்குப் போற முப்பிடாதி. ஊரே வந்து சேந்தாச்சு. இவ செனை ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கா. இது மனுசருக்கு உள்ள இடம், ஆட்டை விட்டுட்டு வான்னேன். திரும்பிப் போயிட்டா. திமிரு."

குருவம்மா எழுந்து மழைக்குள் நடந்தார். தாணு குடையோடு பின்னால் ஓடினார். காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போனது.

கடலோரத்து ஓலைக்குடிசைக்குள் முப்பிடாதி ஆட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா வந்துட்ட?"

"போன புயலுக்கும் இந்தச் சாமிதான் விட்டுட்டு வான்னாரு. ரெண்டு ஆட்டையும் கட்டிப்போட்டுட்டு வந்தேன். மறுநாள் கட்டுன கயித்தோட மெதந்து கெடந்துது. உசிரு பிழைச்சியே, அது போதாதான்னாவ. பொறவு நான் எதைத் தின்னேன்னு எவனாவது கேட்டானா?"

"மண்டபத்துல புழுக்கை போடும், தாயே" என்றார் தாணு.

"போடும்தான். நேத்து மண்டபத்தைப் பாக்க வந்த ஆபீசரு சேத்துச் செருப்போடதான் உள்ள போனாரு. அவரை வாசல்ல கட்டிப்போட்டியளா?"



குருவம்மா ஆட்டுக்கயிற்றை வாங்கித் தன் மணிக்கட்டில் சுற்றி முடிந்துகொண்டார். ஈரத்தரையில் உட்கார்ந்தார்.

கூரையில் ஒரு பக்கம் பிய்ந்து போனது.

"தாயே, தண்ணி ஏறுது. எந்திரிங்க."

"எனக்கு அங்க இடம் இருக்கா?"

"இது என்ன கேள்வி? உங்களுக்கு இல்லாத இடமா?"

"கயித்தோட அந்த முனைக்கு?"

அலை உள்ளே வந்து தாணுவின் முழங்காலைத் தொட்டது.

அவர் குனிந்து ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

விடிந்தபோது குடிசை இருந்த இடத்தில் கடல் கிடந்தது.

மண்டபத்தில் ஊர் ஆடுகள், கோழிகள், ஒரு கழுதை. முப்பிடாதி ஆட்டின் மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தாணு புழுக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. ஆபீசர் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினார்.

"யாருய்யா இதுகளை உள்ள விட்டது?"

தாணு நிமிரவில்லை.

"ஆட்டுக்காரியை நேத்து வெளிய நிறுத்தினவன்தான். செருப்பைக் கழத்திட்டு வாங்க."